‘ஊசி பவர் இன்னும் குறையல’: இந்தப் பதில் இனி வேண்டாம்

வலியில்லாப் பிரசவச் சேவை வழங்கும் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

உங்கள் விளம்பரப் பலகையில் ‘வலியில்லாப் பிரசவம்’ என்று எழுதியிருக்கிறது. கட்டணப் பட்டியலிலும் அதற்கு ஒரு வரி உண்டு. மயக்க மருத்துவர் வந்து முதுகில் எபிடியூரல் கதீட்டர் (வலி மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) வைத்துவிட்டுப் போவதற்கான தொகை அந்த வரியில் அடங்கிவிடுகிறது. அவர் போன பிறகு, குழந்தை பிறந்த பிறகு, கதீட்டரை எடுத்த பிறகு, அந்தப் பெண்ணின் இரண்டு கால்களையும் சோதித்துப் பார்ப்பது யார்? உங்கள் கணக்கில் அதற்கு ஆளும் இல்லை, தாளும் இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

நாங்கள் மயக்க மருத்துவர்களும் பிரசவ அறைச் செவிலியர்களும். எபிடியூரலுக்கு எதிரானவர்கள் அல்லர். பிரசவ வலிக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் முறை வேறில்லை. இதய நோய் உள்ள தாய்க்கும், ரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கும் இது வலியைப் போக்குவதோடு உடலின் சுமையையும் குறைக்கிறது. திடீரென்று சிசேரியன் தேவைப்பட்டால் அதே கதீட்டர் வழியாக மருந்தைக் கூட்டி, முழு மயக்கம் தராமலேயே அறுவை செய்துவிடலாம். இவ்வளவு பயனுள்ள ஒன்றை, பின்கவனிப்பு இல்லாமல் விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பல ஊர்களில் நடப்பது இதுதான். ஒரு மயக்க மருத்துவர் ஒரே நாளில் நான்கைந்து மருத்துவமனைகளுக்கு ஓடுகிறார். ஓர் இடத்தில் கதீட்டர் வைத்து, முதல் டோஸ் கொடுத்து, ‘வலி வந்தா இதுல எட்டு மி.லி. போடுங்க’ என்று மருந்தேற்றிய சிரிஞ்சை ஸ்டாஃப் நர்சிடம் கொடுத்துவிட்டு அடுத்த சிசேரியனுக்குக் கிளம்புகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேசுக்கு இவ்வளவு என்று நீங்கள் பேசியிருக்கும் ஏற்பாடு அவரை நிற்க விடுவதில்லை. இரவில் பிரசவம் முடிகிறது, கதீட்டர் எடுக்கப்படுகிறது, தாயை அறைக்கு மாற்றுகிறார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பதால் சிறுநீர் தானாகப் போகிறதா என்பது யாருக்கும் தெரியாது. பதினோரு மணிக்கு ‘காலைத் தூக்க முடியல’ என்கிறார் அவர். டியூட்டியில் இருப்பவர் சொல்லும் பதில் எங்கும் ஒன்றுதான்: ‘ஊசி பவர் இன்னும் குறையல, காலையில சரியாயிடும்.’

பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் அந்தப் பதில் பழக்கமாகிவிட்டது.

சரியாகாத பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் டியூரா உறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உள்ள குறுகலான இடம்தான் எபிடியூரல் இடம். கர்ப்பத்தில் அங்குள்ள சிரைகள் புடைத்திருக்கும். ஊசியோ கதீட்டரோ அவற்றில் ஒன்றைக் கீறிவிடுவது அடிக்கடி நடப்பது. ரத்தம் ஒழுங்காக உறைந்தால் அதோடு முடிந்தது. உறையாவிட்டால் கசிவு நிற்காது. சுற்றிலும் எலும்பு இருப்பதால், சேர்ந்த ரத்தம் விரிய இடமில்லாமல் தண்டுவடத்தையோ அதற்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றையையோ நெருக்கும். நெருக்கத்தில் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் நிற்கிறது. முதலில் மரத்துப்போகும், பிறகு கால் தளரும், பிறகு சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும். கடுமையான முதுகுவலி சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வலி இல்லை என்பதை வைத்து ரத்தக்கட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

1906 முதல் 1994 வரை மருத்துவ இதழ்களில் பதிவான 61 ரத்தக்கட்டு நோயாளிகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று உண்டு. மயக்க மருத்துவம் படித்த எல்லோருக்கும் அது தெரியும். அதில் இரண்டு செய்திகள் உங்களுக்கு நேராகப் பொருந்துபவை. கால் செயலிழந்த எட்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கும் அறுவை நடந்தவர்களுக்கே கால்கள் மீளும் வாய்ப்பு நன்றாக இருந்தது. எபிடியூரல் கதீட்டர் வைத்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தக்கட்டு வெளிப்பட்டது கதீட்டரை எடுத்ததை ஒட்டித்தான். கதீட்டரை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில்தான் கவனிப்பு கூட வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குப் போடுங்கள். இரவு பதினோரு மணிக்குக் கால் தூக்க முடியவில்லை. காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ். எட்டு மணி நேரம் அறையிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எங்கே என்ற விசாரிப்பு, ஆம்புலன்ஸ், நரம்பியல் அறுவை நிபுணரைத் தேடுவது எல்லாம்.

இதைத் தடுக்கும் சோதனைக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். பெண் மல்லாந்து படுத்திருக்க, முழங்காலை மடக்காமல் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்கச் சொல்ல வேண்டும். வலது கால் தனியாக, இடது கால் தனியாக. பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கமும் மகப்பேறு மயக்க மருத்துவர் சங்கமும் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: கடைசி டோஸ் கொடுத்த நான்கு மணி நேரத்தில் கால் தூக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், முடியவில்லை என்றால் மயக்க மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்க முடியவில்லை என்றாலும் அழைக்க வேண்டும். ஒருமுறை தூக்கிய காலை மறுபடி தூக்க முடியாமல் போனால் இன்னும் அவசரம். மருந்தின் வேகம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய பிறகு தானாகத் திரும்ப ஏறாது.

இந்தச் சோதனை வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது, அதையும் உங்கள் ஏற்பாடு கெடுக்கிறது. பிரசவத்துக்கு இன்று பொருத்தமான மருந்துக் கலவை, மரக்கச் செய்யும் புபிவகெய்ன் 0.1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு, அதோடு மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் வலிநீக்கியான ஃபென்டனில். இந்த அளவில் வலி போகும், காலில் வலு இருக்கும். கால் அசையவில்லை என்றால் ஏதோ தவறு என்று அப்போதே தெரியும். ஆனால் கூட இருந்து பார்க்க மயக்க மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? அடிக்கடி டாப் அப், அதாவது கூடுதல் டோஸ், கேட்கக் கூடாது என்பதற்காக 0.25 சதவீதம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வலி நீண்ட நேரம் வராது. காலும் நீண்ட நேரம் அசையாது. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி வைத்துவிட்டு, மணி அடிக்கவில்லை என்று நிம்மதியாக இருப்பது போன்றது இது.

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அனைத்தும் சேர்ந்து 2006 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு முதுகு வழி மயக்க ஊசிகளின் கடும் சிக்கல்களைப் பதிவு செய்தன. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். 2009ல் வெளியான அந்த அறிக்கை திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய குறை, தளர்ந்த காலை எபிடியூரலின் இயல்பான விளைவு என்று எண்ணிக் காத்திருந்ததுதான். அங்கும் அதே பதில்தான் சொல்லப்பட்டிருக்கிறது, மொழி மட்டும் வேறு.

‘அது லட்சத்தில் ஒன்று’ என்று நீங்கள் சொல்வீர்கள். எண்களையும் பார்ப்போம். பிரசவத்துக்கு எபிடியூரல் போட்டுக்கொண்ட சுமார் 13.7 லட்சம் பெண்களின் தரவைத் தொகுத்து 2006ல் வெளியான ஆய்வின்படி ரத்தக்கட்டு 1,68,000 பேரில் ஒருவருக்கு, ஆழத்தில் சீழ் 1,45,000 பேரில் ஒருவருக்கு, நீடித்த நரம்புப் பாதிப்பு 2,40,000 பேரில் ஒருவருக்கு. தற்காலிக நரம்புப் பாதிப்பு 6,700 பேரில் ஒருவருக்கு. இவை மிக அரிது, ஒப்புக்கொள்கிறோம். அரிது என்பது ஊசி போடும் முன் ஆறுதலாகச் சொல்ல வேண்டிய சொல். கால் அசையாத பெண்ணின் கட்டிலருகே நின்று சொல்லும் சொல் அல்ல.

அதே சமயம் எல்லாச் சிக்கலும் லட்சத்தில் ஒன்று அல்ல. அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை 2,57,000க்கும் மேற்பட்ட மகப்பேறு மயக்க மருத்துவங்களைக் கணக்கெடுத்தபோது, மருந்து அளவுக்கு மீறி மேலேறிய ‘ஹை பிளாக்’ 4,336ல் ஒன்றாக இருந்தது. ஆண்டுக்குச் சில நூறு எபிடியூரல் போடும் மருத்துவமனையில் இது என்றாவது ஒருநாள் நடந்தே தீரும் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ரத்தக்கட்டுக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு. இதற்கு நிமிடங்கள்தான்.

எபிடியூரல் இடத்தில் கொடுக்கும் மருந்தின் அளவு, தண்டுவட நீருக்குள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. கதீட்டர் முனை யாருக்கும் தெரியாமல் டியூராவைத் தாண்டி உள்ளே இருந்தால், எபிடியூரல் அளவு முழுவதும் தண்டுவட நீரில் கலக்கும். முதலில் ரத்த அழுத்தம் சரியும், குமட்டும், கை விரல்கள் மரத்துப்போகும், கைப்பிடி தளரும். குரல் கிசுகிசுப்பாகிவிடும். மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்பார், பிறகு அதையும் சொல்ல மாட்டார். அப்போது செய்ய வேண்டியது ஆக்சிஜன், சுவாசக் குழாய், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து, கர்ப்பப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடிப்பது, குழந்தையை வெளியே எடுக்கத் தயாராவது. இதை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தனியாகச் செய்ய முடியாது. மயக்க மருத்துவர் அடுத்த மருத்துவமனையில் சிசேரியன் நடுவில் இருந்தால் போனில் செய்யவும் முடியாது.

டியூராவுக்கும் அதன் உள்ளே இருக்கும் அரக்னாய்டு உறைக்கும் இடையே முனை சிக்கிவிட்டால் படம் வேறு. பதினைந்து இருபது நிமிடம் கழித்து மெதுவாக ஏறும், கால் ஓரளவு அசையும், மரப்பு மட்டும் கழுத்து வரைகூடப் போகும். ஒரு கண்ணிமை தொங்கலாம். முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்காங்க’ என்று கிளம்புபவர் இதைப் பார்க்கவே மாட்டார்.

மருந்து ரத்தக் குழாய்க்குள் போவது இன்னொன்று. புடைத்த சிரைகளில் ஒன்றுக்குள் கதீட்டர் நுழைந்திருந்தால் ஒவ்வொரு டாப் அப்பும் நேராக ரத்தத்தில் கலக்கும். காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, தொடர்பில்லாத பேச்சு, பிறகு வலிப்பு, பிறகு இதயத் துடிப்பு தடுமாறி நிற்பது. புபிவகெய்ன் இதயத் தசையை இறுகப் பற்றிக்கொள்வதால் வழக்கமான உயிர்காப்பு முயற்சிக்கு எளிதில் மசியாது. 0.75 சதவீதப் புபிவகெய்னை மகப்பேறில் பயன்படுத்துவதை அமெரிக்கா 1980களில் நிறுத்தியது இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பிறகுதான். ஆகவேதான் ஒவ்வொரு டோசுக்கும் முன் கதீட்டரை உறிஞ்சிப் பார்க்கிறோம். ஒரே தள்ளலில் முழுவதையும் ஏற்றாமல் 5 மி.லி. அளவாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறோம். கதீட்டர் நேற்று சரியான இடத்தில் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கும் என்று நம்ப முடியாது. உட்காரும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் அது நகரும். அதனால் முதல் டோஸ் மயக்க மருத்துவர், மற்றவை யார் வேண்டுமானாலும் என்ற பிரிவினைக்கு மருத்துவத்தில் அடிப்படை இல்லை.

இந்த நச்சுத்தன்மைக்கு ஒரு முறிமருந்து இருக்கிறது: 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், அதாவது லிப்பிட் எமல்ஷன். கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் ஒரு நிமிடத்தில். 70 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 மி.லி. தொடர்ந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மி.லி. ஐந்து நிமிடத்தில் இதயம் நிலைக்கு வராவிட்டால் முதல் டோசைத் திரும்பக் கொடுக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. அட்ரினலின் வழக்கமான 1 மி.கி. அல்ல, கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாத சிறு அளவுகள். மயக்க மருந்தான புரொப்போஃபாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், கொழுப்பும் அதில் உண்டு. ஆனால் அது இதற்கு மாற்று ஆகாது, இதயத்தை இன்னும் அமுக்கும். இந்தப் பாட்டில்கள் லேபர் வார்டில் இருக்க வேண்டும். பூட்டிய மருந்தகத்தில், சாவி வீட்டுக்குப் போய்விட்ட இரவில், இருந்தும் இல்லாததுதான்.

தவறான மருந்து, தவறான குழாய். இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஆனால் எங்களை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். சலைன் குழாயும் எபிடியூரல் கதீட்டரும் லூயர் எனப்படும் ஒரே வகை இணைப்பை ஏற்கும்வரை, எதை வேண்டுமானாலும் எதிலும் பொருத்தலாம். எபிடியூரலுக்கான புபிவகெய்ன் பையைக் கைச் சிரையில் ஏற்றியதால் 2004ல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் ஒரு தாய் இறந்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2010ல், ஒரே மாதிரியான திறந்த கிண்ணங்களில் உப்பு நீரும் தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. குளோர்ஹெக்சிடின் எபிடியூரலுக்குள் போய், அந்தத் தாய்க்குத் தண்டுவடம் நிரந்தரமாகச் சேதமானது. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை முதுகு வழி மயக்க மருந்து என்று நினைத்துத் தண்டுவட நீரில் போட்ட 21 சம்பவங்களை 2019ல் ஒரு கட்டுரை தொகுத்தது. அவர்களில் 10 பேர் இறந்துவிட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் பிரசவ அறை டிரேயை ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். இந்த இரண்டு ஆம்பூல்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?

தலைவலிக்கு வருகிறோம். எபிடியூரல் ஊசி தவறி டியூராவைத் துளைப்பது நூற்றில் ஒன்று என்ற அளவில் நடப்பது. துளை பெரிது, ஏனென்றால் ஊசி தடிமனானது, 16 அல்லது 18 கேஜ். தண்டுவட நீர் கசிந்து, இப்படித் துளை விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி வரும். உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும், கழுத்து இறுகும். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரவே முடியாது. ‘தூக்கம் கெட்டதால வருது, காபி குடிங்க’ என்று டிஸ்சார்ஜ் செய்வது பரவலான பழக்கம். காபியால் சிறு ஆறுதல் உண்டு, அவ்வளவுதான். தேவைப்பட்டால் அவருடைய ரத்தத்தையே சுமார் 20 மி.லி. எடுத்து எபிடியூரல் இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைக்கும் ‘பிளட் பேட்ச்’ செய்ய முடியும். இதைச் சொல்லாமல் அனுப்புவதால் வரும் ஆபத்து வலியோடு நிற்பதில்லை. நீர் குறைந்து மூளை கீழே தொய்யும்போது அதைப் பிடித்திருக்கும் சிரைகள் இழுபட்டுக் கிழிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் சேரும். அதன் அடையாளம், படுத்தாலும் தலைவலி குறையாமல் போவது. பார்வை இரட்டையாகத் தெரிவது, வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல் ஏதாவது வந்தால் அது வெறும் தலைவலி அல்ல. மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதும் இதே நாட்களில் வரக்கூடியது. தலைவலி மாத்திரையோடு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

தொற்று வீட்டுக்குப் போன பிறகே தலைகாட்டும். எபிடியூரல் சீழ்க்கட்டி சில நாள் முதல் சில வாரம் கழித்துக்கூட முதுகுவலி, காய்ச்சலாகத் தொடங்கும். கால் தளர்வு கடைசியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் பல நேரம் ஊசி போடுபவரின் வாயிலிருந்து தெறிக்கும் கிருமி. அமெரிக்காவின் நியூயார்க், ஒஹாயோ மாநிலங்களில் 2008, 2009ல் பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஒருவர் இறந்ததை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது. முகக்கவசம் எவ்வளவு மலிவானது என்று உங்களுக்குத் தெரியும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிகளின் நேரக்கணக்கு தனியே சொல்ல வேண்டியது. சிசேரியனுக்குப் பிறகு எனாக்ஸபாரின் எழுதுவது இப்போது அதிகம், சரியான காரணத்துக்காகத்தான். தடுப்பு அளவில் கொடுத்திருந்தால் 12 மணி நேரம், சிகிச்சை அளவில் கொடுத்திருந்தால் 24 மணி நேரம் கழியாமல் கதீட்டரை வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. எடுத்த பிறகு அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணி நேரம். மகப்பேறு மருத்துவர் எனாக்ஸபாரின் எழுதுகிறார், மயக்க மருத்துவர் ஊரில் இல்லை, கதீட்டரை நர்ஸ் எடுக்கிறார். மூவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தும் தவறு நடந்துவிடும். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றிய பெண்ணுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை மணிக்கு மணி விழலாம். காலையில் ஒரு லட்சம் இருந்ததை நம்பி இரவில் கதீட்டரை உருவக் கூடாது. 70,000க்குக் கீழே என்றால் எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். வைப்பதற்குத் தேவைப்படும் அதே கவனம் எடுப்பதற்கும் தேவை. எடுக்கும்போது வரவில்லை என்றால் இழுக்கக் கூடாது. முதுகை வளைத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். முனை முழுதாக வந்ததா என்று பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

உங்களில் சிலர் மூட்டு மாற்று, வயிற்று அறுவைகளுக்குப் பிறகும் எபிடியூரல் கொடுக்கிறீர்கள். அவர்களிடம் பிரசவத்தின் எண்களைச் சொல்லாதீர்கள். சுவீடனில் 1990களின் பத்தாண்டுத் தரவில் ரத்தக்கட்டு பிரசவத்தில் 2,00,000ல் ஒன்று, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பெண்களில் 3,600ல் ஒன்று. வயதான முதுகெலும்பில் இடம் குறைவு, அதோடு ரத்தம் இளக்கும் மருந்துகளும் உண்டு.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பிறகு வரும் எல்லா நரம்புக் குறையும் எபிடியூரலால் வருவதில்லை. ஆறாயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து 2003ல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்குத் தொடையிலோ பாதத்திலோ மரப்பும் தளர்வும் இருந்தன. பெரும்பாலும் குழந்தையின் தலை இடுப்பில் நரம்பை அழுத்தியதாலும், காலை நெடுநேரம் மடக்கி வைத்து முக்கியதாலும் வந்தவை. ஒரு காலில், ஒரு நரம்பின் எல்லைக்குள் இருக்கும். நாள்பட நாள்படக் குறையும். இரு காலிலும் இருந்தாலோ, ஏறிக்கொண்டே போனாலோ முதுகுக்குள் தேட வேண்டும். ‘முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி’ என்ற பேச்சும் ஆய்வுகளில் நிற்கவில்லை. அந்த வதந்தியை விரட்ட ஒரே வழி, உண்மையான ஆபத்தை வாய்விட்டுச் சொல்வதுதான். 1947ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட இருவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார்கள். வழக்கு நடந்தது, காரணம் பற்றிய விளக்கம் பின்னாளில் மாறவும் செய்தது. அதற்குள் அந்நாட்டில் முதுகு ஊசி மீதான நம்பிக்கை பல ஆண்டுகளுக்குச் சரிந்துவிட்டது. இங்கே அது நடக்க வேண்டாம்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை.

எபிடியூரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் மயக்க மருத்துவர் ஒருவர் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். அதற்குரிய தொகையைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேருங்கள். கேஸ் கணக்கு வேண்டாம், ஷிஃப்ட் கணக்கில் கொடுங்கள். அது முடியாத மருத்துவமனை இந்தச் சேவையை விளம்பரப்படுத்த வேண்டாம்.

கேஸ் ஷீட்டில் ‘கால் சோதனை’ என்று ஒரு தனிப் பத்தி அச்சிடுங்கள். ஓடும்போது மணிக்கொருமுறை, நின்ற பிறகு நான்கு மணி நேரத்தில், கதீட்டரை எடுத்த பிறகு முதல் 24 மணி நேரத்தில் நான்கு மணிக்கொருமுறை: வலது, இடது, நேரம், கையெழுத்து. தூக்க முடியவில்லை என்றால் மருத்துவரை அழைக்கும் அதிகாரம் ஸ்டாஃப் நர்சுக்கு உண்டு, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, தவறாக அழைத்தாலும் திட்டு விழாது என்று எழுத்தில் கொடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடிய மையம் எது, முதுகெலும்பு அறுவை நடக்கும் மருத்துவமனை எது, எந்த எண்ணில் யார் எடுப்பார் என்பதை இன்றே பேசி முடித்து லேபர் வார்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டும் தொலைவில் இருந்தால் அந்தத் தொலைவைப் பெண்ணிடம் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

20 சதவீத லிப்பிட் எமல்ஷன் 1,000 மி.லி. லேபர் வார்டிலேயே, பூட்டில்லாத இடத்தில், மேலே அளவுகள் எழுதிய அட்டையோடு இருக்க வேண்டும். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எபிடியூரல் குழாய்களுக்கு ஐ.எஸ்.ஓ. 80369-6 தர இணைப்புகளை வாங்கத் தொடங்குங்கள். சலைன் குழாயில் அவை பொருந்தாது. அதுவரை மஞ்சள் லேபிள், நடுவில் வேறு மருந்து ஏற்ற வழியில்லாத குழாய், டிரானெக்சாமிக் அமிலத்துக்குத் தனி அலமாரி. எபிடியூரல் டிரேயில் திறந்த கிண்ணத்தில் குளோர்ஹெக்சிடின் வைக்கவே கூடாது. தோலுக்கு 0.5 சதவீதம் போதும். காய்ந்த பிறகே டிரேயைத் திறக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில், எண்களோடு, வலி தொடங்குவதற்கு முன்பே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே கொடுக்கப்பட வேண்டும். வலியின் உச்சத்தில் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று நாங்கள் கருதவில்லை. ‘பக்க விளைவே இல்லை’, ‘100 சதவீதம் பாதுகாப்பு’ போன்ற வரிகளை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

டியூரா துளைபட்டால் அந்தப் பெண்ணிடம் அன்றே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். முதல் வாரம் தினமும் ஒருவர் போன் செய்து கேட்கட்டும்.

இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றையும் பெயர் இல்லாமல் பதிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை எபிடியூரல், எத்தனை சிக்கல் என்று வெளியிடுங்கள். மேலே நாங்கள் சொன்ன எண்கள் எல்லாம் யாரோ பொறுமையாக எண்ணியதால் கிடைத்தவை.

கடைசியாக, ஒவ்வொரு தாயிடமும் வீட்டுக்குப் போகும்போது ஓர் அட்டை கொடுங்கள். அதில் இதை மட்டும் எழுதினால் போதும்: ‘கால் தளர்ந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, படுத்தாலும் தலைவலி நிற்காவிட்டாலோ, எந்த நேரமானாலும் உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்.’ அந்த எண்ணை எடுக்க இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மயக்க மருத்துவர்களும் பிரசவ அறைச் செவிலியர்களும்